வாடியும் வாடிவீடும்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் கடற்கரையில் 'வாடி' என்ற சொல்லைக் கேளாமல் ஒருவர் பத்து மைல் நடந்துவிட முடியாது. கச்சான் காற்றுத் தணிந்து மேற்குக் கடல் அமைதியுற்றதும், மீனவர் குடும்பங்கள் வலைகளோடும் பாத்திரங்களோடும் வந்திறங்கித் தென்னோலையால் வேய்ந்துகொள்ளும் குடில் வாடி. மீனை வெட்டி, உப்பிட்டு, மணலில் உலர்த்தும் இடமும் வாடி. பருவம் முடிந்ததும் ஓலையைப் பிரித்துவிட்டுப் புறப்பட்டு விடுவர். கம்பு நட்ட குழிகள் மட்டுமே மணலில் மிஞ்சும்; அடுத்த காற்றில் அவையும் தூர்ந்துவிடும்.

இதே கரையில் 'வாடிவீடு' என்றும் ஒரு சொல் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் 'றெஸ்ற் ஹவுஸ்' என்பதும், சிங்களத்தில் 'தானாயம' என்பதும் அதுவே. ஓடு வேய்ந்த உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை, நீண்ட கைகளையுடைய சாய்மனைக் கதிரைகள், நடுவில் உணவு மண்டபம், இருபுறமும் அறைகள், பின்புறம் சமையற்கட்டும் குதிரை லாயமும் என இலங்கை எங்கும் ஏறத்தாழ ஒரே அச்சில் எழுந்த அரசாங்க விடுதி அது. முன்னது ஏழையின் தற்காலிகக் குடில். பின்னது ஆட்சியாளரின் கற்கட்டடம். இரண்டையும் நம்மவர் ஒரே சொல்லால் அழைத்தனர். வந்து தங்கிப் போகும் இடம் என்பதே அவர்கள் கண்ட பொதுப் பொருள். தங்குபவர் தோணியில் வந்தாலென்ன, குதிரையில் வந்தாலென்ன?

பெருநகர ஹோட்டல்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கொழும்பில் 1864ஆம் ஆண்டு தோன்றிய கோல்பேஸ் ஹோட்டலுக்கும், துறைமுக வாயிலில் பழைய படைவீடு ஒன்றைத் திருத்தி 1875ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலுக்கும் வரலாறுகள் உண்டு. 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தன்னிடம் தங்கியதைக் கிராண்ட் ஓரியண்டல் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும். புத்தளத்து வாடிவீட்டுக்கும் சிலாபத்து வாடிவீட்டுக்கும் அத்தகைய விளம்பரம் வாய்க்கவில்லை. ஆயினும் அவற்றின் கதையைத் தொடர்ந்து சென்றால், ஒரு கரையோர மக்கள் அந்நியனுக்கு எவ்வாறு இடம் தந்தனர் என்ற பெருங்கதை நம் முன்னே விரிகின்றது. அப்பெருங்கதையின் பாதி மட்டுமே இதுவரை எழுதப்பட்டுள்ளது.

அஞ்சி வந்த விருந்தினர்

இக்கரையில் தங்கிச் சென்ற பயணிகளுள், தாம் பெற்ற உபசாரத்தை எழுதி வைத்தவர்களில் மிகப் பழையவர் மொறோக்கோ நாட்டு இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது மரக்கலம் காற்றினால் திசை தப்பிற்று. தூரத்தே புகைத்தூண் போல் எழுந்து நின்ற சரந்தீவின் மலை தென்பட்டது. அண்மையில் ஒரு துறையும் இருந்தது. ஆனால், கப்பலோட்டிகள் அத்துறைக்குள் நுழைய அஞ்சினர். அது வணிகர்கள் நம்பிச் செல்லத்தக்க மன்னனின் துறையன்று என்றும், கடலில் அவனுடைய மரக்கலங்கள் கொள்ளையிடுவன என்றும் அவர்கள் எச்சரித்தனர். இப்னு பதூதாவோ தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறு கேட்டார். மாபார் நாட்டுச் சுல்தானுக்குத் தாம் உறவினர் என்று சொல்லிக் கரையேறினார்.

அவர் 'பத்தாலா' என்று குறிக்கும் அவ்வூரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பலரும் கொள்வர். மரத்தாலான மதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூர் என்று அவர் அதனை வருணிக்கிறார். அங்கே அவரை எதிர்கொண்டவன் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னன் தன் விருந்தினருடன் உரையாடினான், முத்துக்களைக் காட்டினான், மூன்று நாள் உபசரித்தான். வேண்டுவது யாதெனக் கேட்டபோது, ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விருப்பமில்லை என்றார் பயணி. பல்லக்கும், வழித்துணையாக யோகியரும் அந்தணரும், உணவுப் பொருள் சுமக்கும் ஆட்களும் அவருக்குக் கிடைத்தனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரை இந்து மன்னன் ஒருவன், யோகியரையும் அந்தணரையும் உடனனுப்பிப் பௌத்தர்களும் வணங்கும் மலைக்கு வழியனுப்பி வைத்த காட்சி அது. எவன் கொள்ளைக்காரன் எனக் கடலில் பெயர் பெற்றிருந்தானோ அவனே கரையில் விருந்தோம்பினான்.

அப்பயணக் குறிப்பில் இன்னொரு சிறு செய்தி உண்டு. புத்தளத்தை விட்டுப் புறப்பட்டதும் அவர் சேர்ந்த முதலாவது ஊர், சக்கரவர்த்தியின் ஆட்சி எல்லையில் இருந்த 'மன்னார் மண்டலி'. அதனை முந்தல் பக்கத்தில் வைத்துக் காண்போர் உளர். அவ்வூர் மக்கள் எருமைக் கன்றின் இறைச்சியும், சோறும், நெய்யும், மீனும், கோழியும், பாலும் வைத்து விருந்திட்டனர். அங்கே ஒரேயொரு முஸ்லிம் இருந்தார். நோயுற்றதால் வழியில் தங்கிப்போன குராசான் நாட்டவர் அவர். உடல் தேறியிருந்த அவரும் இவர்களோடு சேர்ந்து நடந்தார். அவர் எவர் வீட்டில் கிடந்தார், எவர் கஞ்சி கொடுத்தார் என்பது குறிப்பில் இல்லை. ஆனால், எவரோ கொடுத்திருக்க வேண்டும்! மன்னனின் உபசாரம் நூலில் ஏறியது. நோயாளியைக் காத்தவரின் பெயர் ஏறவில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கோட்டைக்கும் வாவிக்கும் நடுவே

ஒல்லாந்தர் காலத்தில் இக்கரையை இரு ஆட்சிகள் பங்கிட்டிருந்தன. கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி முடித்து, புத்தளம் வாவியின் வாயிலைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். வாவியின் உள்ளே இருந்த புத்தளமோ கண்டி மன்னரின் துறை. உப்பும் கருவாடும் இங்கிருந்து மலைநாட்டுக்குச் சென்றன. பாக்கு இங்கே இறங்கிற்று. வாயிலைக் காப்பவன் ஒருவன், வீட்டுக்கு உரியவன் வேறொருவன் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

அக்காலத்தில் புத்தளத்தில் அடைக்கலம் பெற்றவர்களில் ஒருவர் யோசேப் வாஸ் அடிகளார். 1687இல் கோவாவிலிருந்து வந்த இவர், கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பி யாழ்ப்பாணத்தில் மறைந்து வாழ்ந்தார். 1690இல், ஒல்லாந்தரின் கை எட்டாத புத்தளத்தை அடைந்து வெளிப்படையாகப் பணி செய்தார். 1692இல் இங்கிருந்தே கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே ஒற்றன் என ஐயுற்றுச் சிறையிட்டனர் என்பதும், பின்னர் மன்னன் ஆதரித்தான் என்பதும் யாவரும் அறிந்தவை. கற்பிட்டியில் மூடப்பட்ட கதவு, வாவியைக் கடந்தால் புத்தளத்தில் திறந்திருந்தது.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் வாவி வரை ஆறுகளையும் களப்புகளையும் கால்வாய்களால் இணைத்து நீர்வழி அமைத்தமை அவர்களது பெருஞ்செயல். ஓலைக்கூரை வேய்ந்து, அடி தட்டையாக அமைந்த பாதைகள் அவ்வழியே உப்பும் தேங்காயும் ஏற்றிச் சென்றன. பாதையில் செல்பவனுக்கு விடுதி தேவையில்லை. அதன் கூரையே அவனது வாடி. தரைவழியே செல்லும் உத்தியோகத்தனுக்குத்தான் இரவுத் தங்கல் வேண்டும். கரையோர வீதியில் இடையிடையே தங்குமனை அமைக்கும் வழக்கத்தை ஒல்லாந்தர் தொடங்கினர். 1795இல் கற்பிட்டிக் கோட்டை கைமாறிய பின் அவ்வழக்கத்தை ஆங்கிலேயர் விரிவாக்கினர்.

இடத்தைத் தேர்வதில் ஆறுகளுக்கும் பங்கு உண்டு. தெற்கே மகா ஓயா, சிலாபத்துக்கு வடக்கே தெதுறு ஓயா, புத்தளத்துக்கு அண்மையில் மீ ஓயா என இக்கரை வீதியை ஆறுகள் குறுக்கிட்டன. பாலங்கள் எழுமுன், மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தேசாதிபதியே ஆயினும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பவனுக்குக் கூரை வேண்டும். அவனது குதிரைக்குப் புல் வேண்டும். வாடிவீடு தோன்றியமைக்கு இதனினும் எளிய காரணம் வேறில்லை.

பலகையும் புத்தகமும்

1800ஆம் ஆண்டு தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் தீவைச் சுற்றி வந்தபோது உடன் சென்றவர் ஜேம்ஸ் கோர்டினர் என்னும் குருவானவர். அவர் 1807இல் வெளியிட்ட நூல் அக்காலப் பிரயாண முறையைக் காட்டுகின்றது. ஆட்சித் தலைவன் தங்குவதற்கென ஊர்த் தலைமைக்காரர் மூங்கிலாலும் தென்னோலையாலும் மனைகள் எழுப்பி, உள்ளே வெள்ளைத் துணி கட்டி அலங்கரித்து வைப்பர். ஊர்வலம் கடந்ததும் மனை பிரிக்கப்படும். தேசாதிபதியும் வாடியிலேயே உறங்கினார் என்பதில் ஒரு நகைச்சுவை இல்லாமலில்லை. ஓலையைக் கொய்தவனுக்கும், துணியை வெளுத்தவனுக்கும் அதில் நகைக்க எதுவும் இருந்திராது என்பதும் உண்மை.

1845இல் வடமேல் மாகாணம் உருவாயிற்று. புத்தளத்திலும் சிலாபத்திலும் உதவி அரசாங்க அதிபர்கள் அமர்ந்தனர். கச்சேரி வந்தால் நீதிமன்றம் வரும். நீதிமன்றம் வந்தால் சுற்றிவரும் நீதிபதியும், வழக்குரைஞரும், அளவையாளரும், உப்புப் பரிசோதகரும் வருவர். இவர்கள் எல்லோருக்கும் இரவில் ஓர் அறையும் காலையில் வெந்நீரும் வேண்டும். நிலையான வாடிவீடு இவ்வாறு நகரின் நடுநாயகங்களுள் ஒன்றாயிற்று. கச்சேரி, நீதிமன்றம், தபாற் கந்தோர், வாடிவீடு என்ற நான்கும் சேர்ந்ததே ஆங்கிலேயர் கண்ட நகரம்.

இவ்விடுதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு, 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாகாண வீதிக் குழுக்களைச் சேர்ந்தது. சுவரில் கட்டணப் பலகை தொங்கும். அறைக்கு இவ்வளவு, படுக்கை விரிப்புக்கு இவ்வளவு, விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு, குதிரை நிற்க இவ்வளவு எனக் கணக்கு இருக்கும். கடமையில் வந்த உத்தியோகத்தருக்கு முதலிடம். அவர் வந்துவிட்டால் ஏனையோர் விலகி இடங்கொடுக்க வேண்டும். உணவு நேரத்தில் கோழிக்கறி தவறாது. பயணி வந்திறங்கிய பிறகே பின்வளவில் கோழியைத் துரத்தும் ஓசை கேட்கும் என்பது அக்காலத்தவர் சொல்லிச் சிரித்த கதை. மேசையின் மேல் ஒரு புத்தகம் கிடக்கும். தங்கியவர் பெயர், வந்த நாள், போன நாள், குறைநிறை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்தப் புத்தகங்கள்தாம் வாடிவீட்டின் வரலாற்றுக்கு மூலச் சான்றுகள்.

வாடிவீட்டுக்கு வழிகாட்டிய வீதியை அமைத்தவர் யார்? 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். கிளர்ச்சி அடங்கிற்று, ஆறு நாள் உழைப்பு நின்றுவிடவில்லை. கல்லுடைத்தவனும் மண் சுமந்தவனும் அவ்வீதியின் ஓரத்து வாடிவீட்டில் படுத்துறங்கினானா? இல்லை. அவனைத் தடுக்கக் காவலாளி தேவைப்படவில்லை. கட்டணப் பலகையும், அதில் எழுதியிருந்த மொழியும், அவன் இடுப்பில் கட்டியிருந்த துணியுமே போதுமாயிருந்தன.

புத்தகத்தில் இல்லாதவர்கள்

அவர்கள் எங்கே தங்கினர்? இக்கரையின் பெரும்பாலான பயணிகளின் வரலாறு அந்த வினாவில்தான் இருக்கிறது. மாட்டு வண்டிக்காரர் நிழல் மரங்களின் கீழ் வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லில் உலை வைத்தனர். பள்ளிவாசல்களின் விறாந்தைகளில் முசாபர்கள் படுத்தனர். அவர்களுக்கு ஒருவேளைச் சோறு அனுப்புவதை வீட்டார் கடமையெனக் கொண்டனர். முன்னேஸ்வரத்து ஆவணித் திருவிழாவுக்கு வந்தோர் மடங்களிலும் திண்ணைகளிலும் இடம் பெற்றனர். உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிக்கு வருவோரை உறவினர் போல் வீட்டினுள் அழைத்தனர்.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் தோற்றக் கதையே ஒரு வழிப்போக்கனின் கதை. மன்னாரிலிருந்து கொழும்பு நோக்கி நடந்து வந்த ஏழைப் போர்த்துக்கீசர் ஒருவர், களைப்பு மிகுதியால் இக்கரையில் ஒரு மர நிழலில் உறங்கினார். மெழுகுதிரிகளின் ஒளியில் அன்னம்மாளின் உருவத்தைக் கனவிற் கண்டார். விழித்தபோது அதனை எதிரே கண்டார் என்பது ஐதிகம். கூரையற்று ஒருவன் உறங்கிய இடம் இன்று பல்லாயிரவர் கூடும் தலமாயிற்று. ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் அங்கு வரும் குடும்பங்கள் ஓலைக் குடில் கட்டியும் கூடாரம் அமைத்தும் நாட்கணக்கில் தங்குவது வழக்கம். மதத்தோடு தொடர்புடைய இந்தத் தங்கலிலும் வாடியே அடிப்படை.

முத்துக்குளிப்பும் இதே முறையில்தான் நடந்தது. சிலாபம் என்ற ஊர்ப்பெயரையே முத்துச் சலாபத்தோடு தொடர்புபடுத்துவர். புத்தளத்துக்கு வடக்கே மரிச்சுக்கட்டியில் 1906ஆம் ஆண்டு நடந்த முத்துக்குளிப்பில் கடமையாற்றியவர் லெனாட் வூல்ஃப். இவர் பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர். யாருமற்ற மணல்வெளியில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே எழுந்ததையும், தமிழரும் அரபியரும் பிறருமாகப் பல்லாயிரவர் அதிற் குடியேறியதையும், பருவம் முடிந்ததும் அந்நகரம் மறைந்ததையும் அவர் தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். ஆயிரம் கல் வீடுகளால் முடியாததை ஓலை வாடிகள் செய்து காட்டின.

வாடிவீட்டுக்கும் வாடிக்கும் இடையே பாலமாக நின்றவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியைச் சொல்லலாம். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கைக் 'கசற்றியர்' இத்தீவின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் பயணிக்கு எடுத்துக்கூறிய ஆங்கில அகராதி. சட்டசபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்தவரும், 1859இல் 'தமிழ் புளூட்டாக்' எழுதிப் புலவர் வரலாறுகளைத் திரட்டியவரும் அவரே. ஆங்கிலேய உத்தியோகத்தர் ஊரைப் பார்த்து எழுதிய காலத்தில், ஊரவர் ஒருவரே தம் ஊரைத் தொகுத்து எழுதினார். வாடிவீட்டு மேசையில் அமரவும் தெரிந்தவர். திண்ணையில் கேட்ட கதையை மதிக்கவும் தெரிந்தவர். அத்தகையோர் பின்னர் மிகப் பலர் தோன்றவில்லை என்பதே நம் குறை.

புகையிரதம் வந்த பிறகு

கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்கு 1909இல் வந்த புகையிரதம் 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடியவனுக்கு இரவுத் தங்கல் எதற்கு? மோட்டார் வண்டியும் பஸ்ஸும் பெருகவே, வாடிவீட்டின் குதிரை லாயம் விறகுக் கொட்டிலாயிற்று. ஆறுகளின் குறுக்கே பாலங்கள் எழுந்தன. காத்திருக்கும் காலம் ஒழிந்தது.

அதே வேளை நகரத்தில் வேறொரு விடுதி வளர்ந்தது. 'ஹோட்டல்' என்று நம் நாட்டவர் சாதாரணமாகச் சொல்வது படுக்கையுள்ள விடுதியையன்று. சோறும் தேநீரும் கிடைக்கும் கடையைத்தான். மன்னார்ப் பக்கத்து லொறிச் சாரதியும், அனுராதபுரத்து வியாபாரியும், உப்பளத் தொழிலாளியும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்ட இடம் அது. கட்டணப் பலகை அங்கும் தொங்கிற்று. ஆயினும் அதை வாசிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. வாடிவீடு தர மறுத்த சமத்துவத்தைத் தேநீர்க்கடை ஓரளவு தந்தது எனலாம்.

சுதந்திரத்தின் பின் வாடிவீடுகளும் திறந்துகொண்டன. வேட்டியுடுத்தவர் விறாந்தையில் ஏறினார். திருமண வீட்டார் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தனர். ஆசிரியர் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் கூடின. 1966ஆம் ஆண்டு உல்லாசப் பிரயாணச் சபையும் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தால் அமைந்தன. தீவின் பெயர் பெற்ற வாடிவீடுகள் பல கூட்டுத்தாபனத்தின் கைக்குச் சென்றன; ஏனையவை உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பிலும் குத்தகைக்காரர் பொறுப்பிலும் நின்றன. புதுப்பித்தல் என்ற பெயரில் ஓடு போய்த் தகரம் வருவதும், விறாந்தை அடைபட்டு மதுச்சாலையாவதும் பல ஊர்களில் நிகழ்ந்தன. கட்டடம் மாறியதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மேசைமேற் கிடந்த புத்தகங்களைக் கவனித்தவர் வெகு சிலரே.

ஓர் ஊரே விடுதியானபோது

இக்கரையின் விருந்தோம்பலுக்கு வந்த பெருஞ்சோதனை கப்பலிலோ குதிரையிலோ வந்த கனவான்களால் வந்ததன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு, கையில் எடுத்ததோடு வெளியேற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு இடம்பெயர்ந்தனர் என்பர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம்.

மன்னார்த் தீவிலிருந்து வந்தோர் கடல்வழியே வந்தனர். மழையில் கரையிற் காத்துக்கிடந்த குடும்பங்களைத் தோணிகள் ஏற்றிக்கொண்டு கற்பிட்டியில் இறக்கின. அறுநூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இப்னு பதூதா அஞ்சி வந்திறங்கிய அதே வாவிப்பரப்பு அது. அவரை வரவேற்க ஒரு சக்கரவர்த்தி இருந்தான். இவர்களை வரவேற்றவர்களோ மீனவரும், தோட்டக் கூலியாட்களும், உப்பளத் தொழிலாளரும், சிறு கடைக்காரரும். பாடசாலைகள் திறந்துவிடப்பட்டன, பள்ளிவாசல்கள் நிரம்பின, வீடுகளின் முன்னறைகள் நிரம்பின. சோறு சட்டியோடு வந்தது. பின்னர் தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்நாட்களில் எந்தக் கட்டணப் பலகையும் தொங்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் எவரும் கையொப்பமிடவில்லை.

வந்தவர் சில வாரங்களில் திரும்பிவிடுவர் என்று இரு சாராரும் நம்பினர். வாரங்கள் ஆண்டுகளாயின, ஆண்டுகள் இருபதாயின. கிணற்று நீர், கூலி வேலை, பாடசாலையில் இடம், காணி, பல்கலைக்கழக அனுமதி ஆகிய ஒவ்வொன்றிலும் உரசல்கள் தோன்றின. 'அகதி' என்ற சொல் முதலில் இரக்கத்தோடும், பின்னர் எரிச்சலோடும் ஒலித்தது. இதனை மறைத்துவிட்டு ஊரின் பெருமையை மட்டும் பேசுவது வரலாறாகாது. மூன்று நாள் விருந்து எளிது. முப்பதாண்டு அயல்வாழ்வு கடினம். ஆனால், அவ்வளவு நெருக்கடியிலும் வந்தவர்க்குக் கொடுத்த இடத்தை ஊர் திரும்பப் பறித்துக்கொள்ளவில்லை. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் சிலர் வடக்கே திரும்பினர்; பலர் இங்கேயே தங்கினர்; இரண்டு இடங்களிலும் கால் வைத்து வாழ்வோரும் உளர். ஓலைக் குடில் கல்வீடாயிற்று. வாடி வீடாயிற்று என்று சொன்னால் அது சொல்விளையாட்டன்று, நடந்த செய்தி.

விருந்தோம்பலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். இல்லறத்தின் பயனே அதுவென்று கொண்டவர் அவர். அந்த அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் உதாரணத்துக்காகச் சங்க காலத்து வள்ளல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. புத்தளத்து வகுப்பறையாயின், பின் வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவனின் பாட்டியையே அழைத்து வந்து பேசச் சொல்லலாம்.

எழுதப்படாத பாதி

இன்று கற்பிட்டியில் மீண்டும் விடுதிகள் எழுகின்றன. டொல்பின்களைக் காணவும், காற்றாடி கட்டி அலைமீது சறுக்கி விளையாடவும் வெளிநாட்டார் வருகின்றனர். தீவுகளையும் கரையையும் உல்லாசப் பிரயாணத்துக்கென ஒதுக்கும் திட்டம் வகுக்கப்பட்டபோது, பருவந்தோறும் வாடி கட்டிய மணல் தங்களுக்கு மறுக்கப்படுமோ என்று மீனவர் அஞ்சிக் குரலெழுப்பினர். அந்த அச்சம் நியாயமானது. ஓலை போன்ற கூரை வேய்ந்து, பழைய வாடியின் அழகைக் காட்டி, ஓரிரவுக்குப் பெருந்தொகை பெறும் விடுதி வரட்டும், வேலைவாய்ப்பும் வரட்டும். ஆனால், உண்மையான வாடிக்கு மணலில் இடமில்லாத நாள் வருமாயின், அன்று இக்கரை தன் சொல்லின் பொருளை இழந்துவிடும். விருந்தினருக்கு இடம் தருவதற்காக வீட்டாரை வெளியேற்றுவது எந்த நூலிலும் விருந்தோம்பல் ஆகாது.

செய்யத்தக்கவை சில உண்டு. வாடிவீடுகளின் பழைய வருகைப் புத்தகங்கள் எங்கேனும் கறையானுக்குத் தப்பிக் கிடந்தால், அவற்றை மீட்டுச் சுவடிகள் திணைக்களத்திலோ பொது நூல் நிலையத்திலோ சேர்க்க வேண்டும். எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களை இடிக்குமுன் அளந்து படமெடுத்தேனும் வைக்க வேண்டும். இவற்றிலும் அவசரமான பணி வேறு. 1990இல் கதவைத் திறந்தவர்களும், அக்கதவினுள் நுழைந்தவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களில் முப்பது வயதினராக இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். எந்த வீட்டில் எத்தனை குடும்பம், எந்தக் கிணற்றில் எத்தனை ஊரவர், யார் சோறு அனுப்பினார், யார் முகஞ்சுளித்தார், முதற் சண்டை எதனால், அதனைத் தீர்த்தவர் யார் என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரளவில் கேட்டு எழுதலாம். மாணவனுக்கு அது மொழிப் பயிற்சியுமாகும், வரலாற்றுப் பயிற்சியுமாகும்.

அறையின் எண்ணையும் வந்துபோன நாளையும் வாடிவீட்டுப் புத்தகம் பதிந்து வைத்தது. மன்னார் மண்டலியில் நோயுற்ற குராசானியருக்குக் கஞ்சி வார்த்தவர் யாரென்று இனி ஒருவராலும் சொல்ல இயலாது. கற்பிட்டிக் கரையில் நனைந்து வந்த குழந்தையைத் துவாலையால் துடைத்தவர் யாரென்று இன்னும் சில ஆண்டுகளுக்குச் சொல்ல இயலும். அவரிடமே சென்று கேட்கவும் இயலும்.